ஈய நச்சை அறியச் சிறுநீர்ப் பரிசோதனை போதுமா? – விவாத இழை

பழங்கதவு:

அனைவருக்கும் வணக்கம். பழைய கட்டடங்களிலிருந்து கழற்றி வரும் கதவு, சன்னல்களின் வண்ணப்பூச்சை நீக்கி மெருகேற்றிக் கொடுப்பது என் தொழில். வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் பூச்சை இளக்கிச் சுரண்டி எடுத்த பிறகு, எஞ்சியிருப்பதை உப்புத்தாளால் தேய்ப்பேன். சில மாதங்களாகத் தலைவலியும் அசதியும் மலச்சிக்கலும் விடாமல் இருப்பதால், பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கும் என்று கேள்விப்பட்டு, ஒரு நலவாழ்வு மையத்தை அணுகினேன். அவர்கள் முதலில் சில மாத்திரைகளை விழுங்கச் சொல்லி, அதன்பின் ஆறு மணி நேரம் கழிந்த சிறுநீரை முழுவதுமாகச் சேகரித்தார்கள். அறிக்கையில் ஈயம் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு (தசையிலிருந்து உருவாகிச் சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருள்) 28 மைக்ரோகிராம் என்றும், இயல்பு அளவு 2க்குக் கீழ் என்றும் அச்சிட்டு, பக்கத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு நீண்ட பட்டை வரைந்திருக்கிறார்கள். இயல்பைவிடப் பதினான்கு மடங்கு என்று சொல்லி, உடனே உடலிலுள்ள உலோகத்தை மருந்தால் பற்றி வெளியேற்றும் கீலேஷன் சிகிச்சையைப் பல தவணைகளாகத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறது. இந்த அறிக்கையை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஆய்வுக்குடுவை:

உலோகப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் அறிக்கையில் உள்ள 28 என்ற எண் தவறாக அளக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கருவி அதைச் சரியாகவே காட்டியிருக்கலாம். சிக்கல் அதற்குப் பக்கத்தில் உள்ள 2 என்ற எண்ணில்தான் இருக்கிறது. அந்த இயல்பு அளவு, எந்த மருந்தும் உட்கொள்ளாதவர்களின் சிறுநீரை அளந்து பெறப்பட்டது. நீங்களோ ஈயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் இழுத்து வரும் ஒரு மருந்தை, பெரும்பாலும் டி.எம்.எஸ்.ஏ. என்பதை, உட்கொண்ட பிறகு மாதிரி கொடுத்திருக்கிறீர்கள். அந்த மருந்தை எந்த நலமான மனிதருக்குக் கொடுத்தாலும் சிறுநீரில் ஈயம் ஏறத்தான் செய்யும், ஏனெனில் இன்றைய உலகில் உடம்பில் ஈயமே இல்லாத மனிதர் யாரும் இல்லை. கிணற்றில் வாளி போட்டு இறைத்துவிட்டு, மேலே கொட்டிய நீரைக் காட்டி ஊற்று பொங்குகிறது என்பதைப் போன்றது இது. மருந்து கொடுத்த பின் எடுத்த மாதிரிக்கு எது இயல்பு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது. ஆகவே பதினான்கு மடங்கு என்ற கணக்குக்குப் பொருளே இல்லை.

அறிக்கையின் அடிக்குறிப்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இயல்பு அளவுகள் மருந்து தரப்படாத மாதிரிகளுக்கு உரியவை என்று மிகச் சிறிய எழுத்தில் போட்டிருப்பது வழக்கம்.

பழங்கதவு:

பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்னபடியே, கடைசிப் பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய அளவில் அந்த வரி இருக்கிறது. அப்படியானால் எனக்கு ஈயப் பாதிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

தொழில்நல மருத்துவர்:

அவசரப்பட்டு அப்படியும் முடிவு செய்துவிட வேண்டாம். அந்த அறிக்கை உங்களுக்குப் பாதிப்பு இருப்பதை நிறுவவில்லை. இல்லை என்றும் நிறுவவில்லை. ஆனால் பழைய வண்ணப்பூச்சை வெப்பத்தாலும் உப்புத்தாளாலும் நீக்குவது ஈயம் உடலுக்குள் புகுவதற்கு மிகவும் அறியப்பட்ட வழிகளில் ஒன்று என்பதால், நீங்கள் கட்டாயம் முறையான பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர். அந்தப் பரிசோதனை, கை மடிப்பின் சிரையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் ஈய அளவைக் காண்பதே ஆகும்.

ஏன் சிறுநீர் அல்ல, இரத்தம் என்று பலரும் கேட்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உடலுக்குள் வந்த ஈயம் இரத்தத்தில் கலக்கும்போது, அதில் ஏறத்தாழ 99 விழுக்காடு சிவப்பணுக்களுக்குள் புகுந்து அங்குள்ள புரதங்களோடு பிணைந்துகொள்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் மிதப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சிறுநீரகம் வடிகட்டுவது பிளாஸ்மாவை மட்டுமே. எனவே சிறுநீரில் வரும் ஈயம் அந்த மிகச் சிறிய பங்கின் நிழல்தான். அந்த நிழலும் அன்று நீங்கள் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக இயங்குகிறது, மாதிரி எந்த வேளையில் எடுக்கப்பட்டது என்பனவற்றுக்கேற்ப நீண்டும் குறுகியும் மாறுகிறது. நீண்டகால ஈயப் பாதிப்பு சிறுநீரகத்தையே பழுதாக்கக்கூடியது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வடிகட்டும் திறன் குறைந்த சிறுநீரகம் ஈயத்தை வெளியேற்றாமல் உள்ளேயே தேக்குவதால், உண்மையில் மோசமாகப் பாதிக்கப்பட்டவரின் சிறுநீர் அறிக்கை நிம்மதி தரும் வகையில் இருந்துவிட வாய்ப்புண்டு.

அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று. எந்த இரத்த அளவில் எந்தத் தீங்கு ஏற்படுகிறது என்பதைப் பற்றிப் பல பத்தாண்டு ஆய்வுகள் இருக்கின்றன. குழந்தைகளின் அறிவுத்திறன், பெரியவர்களின் இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு, நரம்புகள் என்று எதை எடுத்தாலும் இரத்த ஈய அளவோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்கள். வேலையிலிருந்து விலக்குவதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் உள்ள வரம்புகள் அந்த எண்களின் மீதே கட்டப்பட்டவை. சிறுநீரில் 10 மைக்ரோகிராம் என்று ஓர் அறிக்கை வந்தால், அதை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று எந்த வழிகாட்டியும் சொல்லாது.

வேலையை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். வேலை உடையோடும் காலணியோடும் வீட்டுக்குள் போகாதீர்கள். குழந்தைக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதை உங்களுடையதைவிட அவசரமாகச் செய்யுங்கள் என்பேன். பெரியவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே குடல் வழியாக உடலில் சேரும். சிறு குழந்தைக்கோ பாதி அளவுகூடச் சேரலாம்.

நாணல்:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தை நான் எழுத வேண்டியிருக்கிறது. இரத்தத்தில் ஈயத்தின் அரைவாழ்வு, அதாவது அளவு பாதியாகக் குறையும் காலம், ஏறக்குறைய ஒரு மாதம்தான் என்பது பாடநூல் செய்தி. பெரியவர்களின் உடலில் உள்ள மொத்த ஈயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் எலும்பில் தங்கிப் பல ஆண்டுகள், சில இடங்களில் பத்தாண்டுகளுக்கும் மேல், இருக்கிறது. அப்படியிருக்க, இரத்தப் பரிசோதனை அண்மைய மாதங்களை மட்டும் காட்டுகிறது. இருபது ஆண்டுகளாகச் சேர்ந்ததை அது மறைத்துவிடுகிறது. உள்ளே மறைந்திருப்பதை மருந்து கொடுத்து வெளிக்கொணர்ந்து அளப்பது அறிவுக்குப் பொருந்தாத செயலா? ஒரு காலத்தில் மருத்துவமனைகளே ஈ.டி.டி.ஏ. என்ற, உலோகத்தைப் பற்றும் மருந்தை ஊசியாகப் போட்டுச் சிறுநீரை அளந்தன என்பதையும் யாரும் சொல்லவில்லை. அன்று அறிவியலாக இருந்தது இன்று மோசடியாகிவிட்டதா?

மருந்துமேசை:

நாணல் அவர்களின் கேள்வி நியாயமானது. மருத்துவமனை மருந்தாளுநர் என்ற முறையில் பதில் சொல்ல முயல்கிறேன்.

ஈ.டி.டி.ஏ. சோதனை உண்மையிலேயே இருந்தது. 1970களிலும் 1980களிலும், இரத்த ஈயம் இடைப்பட்ட அளவில் உயர்ந்திருந்த குழந்தைகளுக்கு முழுச் சிகிச்சை தேவையா என்று தீர்மானிக்க, கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. மருந்தை ஒரு தவணை கொடுத்து, எட்டு மணி நேரச் சிறுநீரைச் சேகரிப்பார்கள். கொடுத்த மருந்து ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 0.6 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் வெளிவந்தால், சிகிச்சைக்குப் பலன் இருக்கும் என்று கொள்வார்கள். இங்கே கவனிக்க வேண்டியவை பல உள்ளன. அந்தக் குழந்தைகளுக்கு ஈயம் ஏறியிருக்கிறது என்பது இரத்தத்தால் ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. மருந்தின் அளவு, நேரம், சேகரிக்கும் முறை ஆகிய மூன்றும் வரையறுக்கப்பட்டிருந்தன. வெளிவந்த ஈயத்தை, மருந்து உண்ணாதவரின் இயல்பு அளவோடு யாரும் ஒப்பிடவில்லை. அத்தனை ஒழுங்கோடு செய்யப்பட்ட சோதனையையும் குழந்தை மருத்துவத் துறை பின்னர் கைவிட்டது; இரத்த அளவைவிடக் கூடுதலாக அது எதையும் தெளிவாக்கவில்லை. போதாக்குறைக்கு, ஒரே ஒரு தவணை ஈ.டி.டி.ஏ. கொடுக்கப்பட்ட எலிகளின் மூளையில் ஈயம் கூடியதாக 1987இல் வெளியான ஆய்வு ஒன்று, எலும்பிலிருந்து கிளப்பிவிட்ட ஈயம் வெளியேறும் முன் வேறெங்கோ போய் அமரலாம் என்ற கவலையையும் எழுப்பியது.

எலும்பில் உள்ளதைக் காட்டுகிறது என்ற வாதமும் நினைக்கும் அளவுக்கு வலுவானது அன்று. டி.எம்.எஸ்.ஏ. இழுத்து வருவதில் பெரும்பங்கு இரத்தத்திலும் மென்திசுக்களிலும் இருப்பதுதான். எலும்பின் ஆழத்தில் படிந்ததை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. எலும்பு ஈயத்தை அறிய வேண்டுமானால், முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பை எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் அளக்கும் கருவிகள் சில ஆராய்ச்சி மையங்களில் இருக்கின்றன. அவை ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றனவே தவிர, நோயாளிக்குச் சிகிச்சை முடிவெடுக்க அல்ல.

அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி தன் நிலைப்பாட்டு அறிக்கையில், மருந்து கொடுத்த பின் சிறுநீரில் உலோகம் அளக்கும் முறை அறிவியல்முறைப்படி சரிபார்க்கப்படாதது, பயன் காட்டப்படாதது, தீங்கும் விளைவிக்கக்கூடியது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. தீங்கு என்பது வெறும் எச்சரிக்கைச் சொல் அன்று. 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் கீலேஷன் சிகிச்சையின்போது கால்சியம் திடீரெனக் குறைந்து மூவர் உயிரிழந்ததை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது, இருவர் குழந்தைகள். கால்சியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ. வேறு, கால்சியம் இல்லாத டைசோடியம் ஈ.டி.டி.ஏ. வேறு. குப்பியின் மேல் ஒரே ஒரு சொல் வேறுபடும்; இரண்டாவது மருந்து இரத்தத்திலிருக்கும் கால்சியத்தைக் கவ்விக்கொண்டு இதயத்தை நிறுத்திவிடும். எங்கள் துறையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்த இரண்டு குப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதுண்டு.

நாணல்:

விளக்கத்துக்கு நன்றி. மருந்து கொடுத்து அளக்கும் முறையைப் பற்றிய என் கருத்தைத் தள்ளிவைக்கிறேன். ஆனால் இரத்தம் அண்மைக் காலத்தை மட்டுமே காட்டுகிறது என்ற குறை அப்படியே இருக்கிறதே?

தொழில்நல மருத்துவர்:

இருக்கிறது, ஆனால் நீங்கள் கருதும் அளவுக்கு அல்ல. நீண்டகாலம் ஈயத்தோடு பழகியவரின் எலும்பு, இரத்தத்துக்கு ஈயத்தை இடைவிடாமல் கசியவிட்டுக்கொண்டே இருக்கிறது. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளான தொழிலாளர்களின் இரத்த ஈயம் பொதுமக்களுடையதைவிட உயர்ந்தே நிற்பது அதனால்தான். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் முதுமையில் எலும்பு தேயும்போதும் அந்தக் கசிவு கூடுகிறது. எனவே எலும்பில் நிறைய இருந்தும் இரத்தத்தில் சுவடே இல்லை என்ற நிலை பொதுவாக வருவதில்லை. மேலும், இன்று இரத்தத்தில் இல்லாத ஈயத்துக்காக இன்று சிகிச்சை தருவதால் நன்மை என்று காட்டிய சான்று எதுவும் இல்லை.

தேன்சிட்டு:

ஒரு தாயாகக் கேட்கிறேன். என் இரண்டு வயது மகளுக்கு ஊசி என்றாலே வீடே அதிரும்படி அழுகை. குழந்தைகளுக்காவது சிறுநீரில் பார்த்துக்கொள்ள வழியில்லையா? பை ஒட்டிச் சிறுநீர் எடுத்துத் தருகிறோம் என்று ஓர் இணைய விளம்பரத்தில் பார்த்தேன்.

ஆய்வுக்குடுவை:

அம்மா, அந்தப் பையை ஒட்டும் தோலில் இருக்கும் தூசி ஒன்றே முடிவைக் கெடுக்கப் போதும். நலமானவர்களின் சிறுநீரில் ஈயம் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமைவிடக் குறைவாகவே இருப்பது இயல்பு. தவழ்ந்து விளையாடிய குழந்தையின் தொடையில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள் அந்த எண்ணைப் பல மடங்கு உயர்த்திவிடும்.

ஊசிக்குப் பதிலாக விரல்நுனியில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தத்தை முதற்கட்டச் சோதனையாகச் செய்யலாம். அதற்கு முன் குழந்தையின் கையைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவி, கழுவிய விரல் வேறெதையும் தொடாமல் பார்த்துக்கொண்டு, முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. உயர்வாக வந்தால் மட்டும் சிரை இரத்தத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் விரலில் ஒட்டிய தூசியால் பொய்யான உயர்வு வருவது அடிக்கடி நிகழ்வது.

தொழில்நல மருத்துவர்:

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனத்துக்குரிய அளவாக 1991இல் டெசிலிட்டருக்கு (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) 10 மைக்ரோகிராமையும், 2012இல் 5ஐயும், 2021இல் 3.5ஐயும் வைத்தது. உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டி, 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. குழந்தைகளுக்குக் கீலேஷனை 45 அல்லது அதற்கு மேல் இருக்கும்போதுதான் பரிந்துரைக்கிறது. இடைப்பட்ட அளவுகளில் ஏன் மருந்து தருவதில்லை என்றால், 20 முதல் 44 வரை இருந்த 780 குழந்தைகளைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வொன்றில், டி.எம்.எஸ்.ஏ. மருந்து இரத்த ஈயத்தைக் குறைத்ததே தவிர, அறிவுத்திறனிலோ நடத்தையிலோ எந்த முன்னேற்றத்தையும் தரவில்லை. 2001இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகும் ஒரு மையம் சிவப்புப் பட்டையைக் காட்டிக் குழந்தைக்குக் கீலேஷன் விற்கிறது என்றால், அதை நான் வேறு சொல்லால் அழைப்பேன், நெறியாளர் நீக்கிவிடுவார்.

எண்ணெய்க்கலன்:

இழையை முதலிலிருந்து படித்தேன். சிறுநீர்ப் பரிசோதனையே பயனற்றது என்ற தொனி எழுவதால் குறுக்கிடுகிறேன். ஈயம் கலந்த எரிபொருளைத் தேக்கும் கலன்களைத் துப்புரவு செய்யும் பணியில் நான் மேற்பார்வையாளராக இருந்திருக்கிறேன். எங்களுக்கு எடுக்கப்பட்ட மாதிரி சிறுநீர்தான், இரத்தம் அன்று. அப்படியானால் எங்களுக்குச் செய்தது தவறா?

தொழில்நல மருத்துவர்:

தவறன்று, மிகச் சரி. இதை நானே முன்பு எழுதியிருக்க வேண்டிய இடம். நீங்கள் கையாண்டது வண்ணப்பூச்சிலும் மின்கலத்திலும் இருக்கும் கனிம ஈயம் அன்று. டெட்ரா எத்தில் ஈயம் போன்ற கரிமச் சேர்மம். கொழுப்பில் கரையும் அந்தத் திரவம் மூச்சு வழியாக மட்டுமின்றித் தோல் வழியாகவும் எளிதில் ஊடுருவி நேரே மூளையைத் தாக்கும். கல்லீரல் அதைச் சிதைத்து உருவாக்கும் பொருள்கள், கனிம ஈயத்தைப் போல் சிவப்பணுவுக்குள் முழுவதுமாக அடைபட்டுக் கிடப்பதில்லை. அதனால் ஒருவர் கடுமையாக நஞ்சேறிப் பிதற்றும் நிலையில் இருக்கும்போதுகூட இரத்த ஈயம் அந்தக் கடுமைக்கு ஏற்ற அளவு உயர்ந்திராது. சிறுநீரில் வெளியேறும் ஈயமோ கூர்மையாக ஏறியிருக்கும். பிரிட்டனின் 2002ஆம் ஆண்டு ஈயக் கட்டுப்பாட்டு விதிகள் இந்த வேறுபாட்டை எண்களிலேயே காட்டுகின்றன: சாதாரண ஈயத்தோடு வேலை செய்பவரை இரத்த அளவைக் கொண்டும், டெட்ரா எத்தில் ஈயம் போன்ற ஈய ஆல்கைல்களோடு வேலை செய்பவரைச் சிறுநீர் அளவைக் கொண்டும் பணியிலிருந்து விலக்க வேண்டும். சிறுநீர் வரம்பு ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 110 மைக்ரோகிராம். கருவுறும் வாய்ப்புள்ள பெண்களுக்கு 25.

1924இல் நியூ செர்சியின் பேவே ஆலையில் டெட்ரா எத்தில் ஈயம் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தபோதே இந்தச் சேர்மத்தின் தன்மை உலகுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சாலை வாகனங்களுக்கான ஈய பெட்ரோல் கடைசி நாடான அல்சீரியாவில் நிற்க 2021 ஆகிவிட்டது. சிறிய பிஸ்டன் விமானங்களின் எரிபொருளில் இன்னும் அது இருப்பதால், உங்கள் துறைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை இன்றும் தேவை.

வேறு இரண்டு இடங்களிலும் சிறுநீர் ஈயம் பயன்படுகிறது. முறையான காரணத்தோடு கீலேஷன் சிகிச்சை பெறும் நோயாளிக்கு ஈயம் வெளியேறுகிறதா என்று கண்காணிக்க உதவும். ஒரு பெரிய மக்கள் தொகையின் சராசரியை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் ஆய்வுகளிலும் பயன்படும், ஏனெனில் ஆயிரக்கணக்கானோரின் சராசரியில் தனிமனித ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். தனியொருவரின் கேள்விக்கு அது விடை சொல்லாது.

வேதிமாணவி:

எங்கள் பாடத்தில் சிறுநீரில் டெல்டா அமினோலெவுலினிக் அமிலத்தை அளந்து ஈய நச்சைக் கண்டறியலாம் என்று படித்தோம். ஈயத்தையே அளக்காமல் ஈயத்தின் விளைவை அளப்பது இன்னும் நம்பகமானது அல்லவா?

ஆய்வுக்குடுவை:

கருத்தளவில் அழகான முறைதான். இரத்தச் சிவப்பிலுள்ள ஹீம் உருவாகும் வழியில், இந்த அமிலத்தை அடுத்த படிக்குக் கொண்டுசெல்லும் நொதியை ஈயம் முடக்கிவிடுகிறது. நகர முடியாத அமிலம் தேங்கிச் சிறுநீரில் வழிகிறது. மாதிரியில் தூசி விழுந்தாலும் இந்த எண் மாறாது என்பது தனி வசதி. நுண்ணளவு ஈயத்தை அளக்கும் கருவிகள் பரவலாவதற்கு முன் தொழிற்சாலைகளில் இது பெரிதும் பயன்பட்டது. ஆனால் இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 30 முதல் 40 மைக்ரோகிராமைத் தாண்டிய பிறகுதான் இது தெளிவாக உயரத் தொடங்கும். குழந்தைகளில் 5ஐப் பற்றிக் கவலைப்படும் காலத்தில், 35இல் விழித்துக்கொள்ளும் சோதனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தீவிர போர்ஃபிரியா போன்ற பரம்பரை நோய்களிலும் இதே அமிலம் உயரும். கடும் வயிற்றுவலியோடு வந்தவருக்கு இது ஈயமா போர்ஃபிரியாவா என்று பிரித்தறிய வேண்டிய சிக்கலான நேரங்களில் மட்டும், இரத்த ஈயத்தோடு சேர்த்து இதையும் பார்ப்பது உண்டு.

எண்ணெய்க்கலன் போன்றவர்கள் சிறுநீர் மாதிரி கொடுக்கும்போது கவனிக்க வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். எங்களுக்கு வரும் மாதிரிகளில் முடிவைக் கெடுப்பது பெரும்பாலும் கருவி அன்று, கையும் உடையும்தான். பணி முடிந்த கையோடு, அதே உடுப்போடு, கழிவறையில் குடுவையின் மூடியைத் திறந்து, உட்புறம் கீழே படும்படி மேசையில் கவிழ்த்து வைப்பார்கள். அந்த மூடியில் ஒட்டிய தூசி மாதிரிக்குள் கரைந்த பிறகு அது உடலிலிருந்து வந்ததா மேசையிலிருந்து வந்ததா என்று எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. பணி உடையைக் களைந்து, குளித்து, கைகளைக் கழுவிய பிறகு, ஆய்வகம் தரும் உலோகத் தூய்மை உறுதிசெய்யப்பட்ட பிளாஸ்டிக் குடுவையில் மட்டுமே எடுக்க வேண்டும். ஒரே ஒரு வேளையில் எடுத்த சிறுநீர் என்றால் கிரியாட்டினினையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். நீர்த்துப்போன மாதிரியும் செறிந்த மாதிரியும் ஓரளவுக்கு ஒப்பிடத்தக்கதாகும். ஓரளவுக்கு என்றுதான் சொல்கிறேன், ஏனெனில் தசை வளம் மிக்கவருக்கும் மெலிந்த முதியவருக்கும் கிரியாட்டினின் ஒன்றாக இராது. அண்மையில் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்காகக் கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த ஊசி போட்டிருந்தால், உலோகப் பரிசோதனைக்குக் குறைந்தது நான்கு நாள்கள் காத்திருங்கள்.

பழங்கதவு:

அனைவருக்கும் நன்றி. எங்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்லிச் சிரை இரத்தம் கொடுத்தோம். எனக்கு 24 என்று வந்திருக்கிறது. குழந்தைக்கு 41 என்று இருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கலங்கிப்போய் இருக்கிறோம். குழந்தையின் மாதிரி வேறோர் ஆய்வகத்துக்குச் சென்றது.

ஆய்வுக்குடுவை:

முதலில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். டெசிலிட்டருக்கா, லிட்டருக்கா?

பழங்கதவு:

என்னுடையது டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம். குழந்தையுடையது லிட்டருக்கு மைக்ரோகிராம் என்று இருக்கிறது.

ஆய்வுக்குடுவை:

அப்படியானால் குழந்தையின் அளவு டெசிலிட்டருக்கு 4.1. பத்தில் ஒரு பங்கு. சில நாடுகளில் லிட்டருக்கு மைக்ரோமோல் என்றும் தருவார்கள். அதில் பார்த்தால் இதே அளவு ஏறக்குறைய 0.2 ஆக இருக்கும். மூன்றும் ஒன்றே.

தொழில்நல மருத்துவர்:

41 இல்லை என்பது பெரிய ஆறுதல், ஆனாலும் 4.1ஐ அலட்சியம் செய்ய முடியாது. அது 3.5 என்ற அளவுக்கு மேல் இருக்கிறது. வீட்டுக்குள் தூசி வருகிறது என்பதற்கு அதுவே சான்று. வேலைத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். வேலையிடத்துக்குள் குழந்தை வரவே கூடாது. இரும்புச்சத்துக் குறைவு ஈயம் உட்புகுவதைக் கூட்டும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் மறுபடி இரத்தம் எடுக்கலாம். கீலேஷனுக்கு இடமே இல்லை.

உங்கள் 24, வேலையை நிறுத்திவைத்தது சரி என்று காட்டுகிறது. நான்கு வாரத்தில் மீண்டும் எடுங்கள்; அப்போதும் 20க்கு மேல் இருந்தால், அது குறையும்வரை ஈயத்தோடு தொடர்புள்ள எந்த வேலையும் வேண்டாம். உங்களுக்கும் கீலேஷன் தேவையில்லை. தலைவலியும் மலச்சிக்கலும் ஈயத்தால் வந்திருக்கலாம். ஆனால் 24 என்ற அளவில் வேறு காரணங்களையும் மருத்துவர் தேட வேண்டும், எல்லாவற்றையும் ஈயத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியாட்டினினையும் இரத்த அழுத்தத்தையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாத அரைவாழ்வு என்று கணக்குப் போட்டு, அடுத்த மாதம் 12, அதற்கடுத்த மாதம் 6 என்று எதிர்பார்க்காதீர்கள். பல ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவரின் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். முதலில் விரைவாக இறங்கி, பிறகு மெல்லத்தான் குறையும்.

ஆய்வுக்குடுவை:

அடுத்த முறை இருவரின் மாதிரியையும் ஒரே ஆய்வகத்துக்கு, ஈயத்துக்கெனச் சான்றளிக்கப்பட்ட குழாயில் அனுப்பச் சொல்லுங்கள். ஓர் ஆய்வகத்தின் எண்ணையும் இன்னோர் ஆய்வகத்தின் எண்ணையும் ஒப்பிட்டு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் ஏறியது, இறங்கியது என்று கவலைப்படவோ மகிழவோ வேண்டாம். அவ்வளவு வேறுபாடு அளவீட்டிலேயே வரக்கூடியது.